ராமேஸ்வரத்துக்கு ஏது குளிர்?

"உங்க ஆபீஸ் கணக்குல ராமேஸ்வரம் எந்த வகைம்மா?" என்று கேட்டார் ரங்கநாதன்.

அம்ருதா லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள். வெயில், மழையை வைத்து ஊர்களை வகை பிரிப்பதுதான் அவள் வேலை.

"ஒரு முறைப்படி பார்த்தா அதுவும் நம்ம பெங்களூரும் ஒரே வகைப்பா. இன்னொரு முறையில அது வறண்ட ஊரு. பெய்யிற மழையை விட வெயில் உறிஞ்சறது ஜாஸ்தி."

"ஒரே வகைன்னா, இங்க அடிக்கிற குளிரு அங்கயும் உண்டா?"

"அங்க ஏது குளிரு? சின்னத் தீவு, சுத்தியும் கடல். அத்தைகிட்ட ஸ்வெட்டரே கிடையாது."

அத்தை என்றதும் ரங்கநாதன் முகம் இறுகியது.

தங்கை தமயந்தி, தன் மகள் கல்யாணப் பத்திரிகையைத் தாய்மாமனுக்கு நேரில் வந்து வைக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பியவள். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது கண் ஆபரேஷனுக்காக பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்கு, அவர் வீட்டுக்கே வருகிறாள்.

"அவளுக்கு என் பின் ரூமைக் குடு. நான் முன் ரூமுக்கு வந்துடறேன்."

"ஜன்னலே இல்லாத அந்தப் பொந்தா? காத்தோட்டமான ரூமை நீங்க எடுத்துக்குவீங்களா? நோயாளிகிட்ட போய் பழி தீர்க்கணுமாப்பா?"

"வாட்ஸ்அப்ல வந்த பத்திரிகைக்கு அது போதும்."

மகளிடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொள்ளும் பேஜாரெல்லாம் அவருக்குப் பழக்கம்தான். தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன் ரூமுக்கு நடந்தார்.

ஜனவரி மாதம். சாயங்காலம் ஆட்டோவிலிருந்து இறங்கிய தமயந்திக்குப் பற்கள் கிட்டின. முந்தானையை இழுத்துப் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை.

"சளி, இருமல் வந்தா ஆபரேஷன் தள்ளிப்போயிடும்னாரு டாக்டர். என்னம்மா இப்படி அடிக்குது குளிரு!" என்றபடி வந்தவள், பின் ரூம் வாசலில் நின்றாள்.

உள்ளே ஒரே இருட்டு. அம்ருதா லைட்டைப் போட்டாள். உப்பிப்போன சுவர், ஒரு பழைய கட்டில்.

தமயந்தி பையைக் கீழே வைக்கவில்லை.

"அண்ணனுக்கு இன்னும் மனசு ஆறலை. பரவாயில்ல அம்ருதா, நான் லாட்ஜ்ல தங்கிக்கிறேன்."

முன் ரூமில் கட்டிலில் உட்கார்ந்து, தலையோடு மப்ளரைச் சுற்றிக்கொண்டிருந்த ரங்கநாதன் தங்கை பக்கம் திரும்பாமலே மகளிடம் சொன்னார்:

"அவளை அந்தச் சுவத்துல கை வச்சுப் பார்க்கச் சொல்லு. அந்தப் பக்கம் பேக்கரிக்காரன் அடுப்பு, ராத்திரி பூரா எரியும். இந்த வீட்ல குளிராத இடம் அது ஒண்ணுதான்."