பிள்ளைக்காம்பராவில் அழகன்

1957 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, மாலை நான்கே முக்கால் மணி. நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து ஏறிவந்த மழை, தோட்டத்து ஆபீசின் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்ட கையோடு பூரணி வந்து வாசலில் நின்றாள். அவள் கணவன் அழகனை, பிள்ளைக்காம்பரா ஆயா வீரம்மாவும் இன்னொருத்தியும் நாற்காலியோடு தூக்கிவந்து தாழ்வாரத்தில் இறக்கினார்கள்.

வெட்டிய மரம் இடுப்பில் சாய்ந்த நாளிலிருந்து அழகனுக்குக் கால்கள் பேருக்குத்தான். கைகளுக்கும் வாய்க்கும் ஒரு குறையுமில்லை.

இரண்டு வருடமாகப் பகல் இடைவேளை தோறும் பூரணி கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து லயத்து வீட்டுக்கு ஓடினாள். அவனைப் புரட்டிப் படுக்கவைத்து, சோறூட்டி, மறுபடியும் மலைக்கு ஓடினாள். தான் உண்பதற்கு அந்த ஓட்டத்தில் இடமிருக்கவில்லை. மாசியில் தேயிலை நிரையிலேயே மயங்கி விழுந்தாள். பங்குனியில் இன்னொரு முறை.

“பிரஷருக்கு மருந்து தரலாம். ஓட்டத்துக்கு என்கிட்ட மருந்தில்ல. இப்படியே ஓடுனா அடுத்த படுக்கை உனக்குத்தான்” என்றார் தோட்டத்து டொக்டரையா.

வீரம்மா அதைக் கேள்விப்பட்டாள். மறுநாள் காலை, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் அழகனையும் சேர்த்துக்கொண்டாள்.

அங்கே சேர்வதற்கு ஐந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது சட்டம். அழகன் அந்த வயதைக் கடந்து வெகுகாலமாகியிருந்தது.

மலையில் பெண்கள் விடுவார்களா? “உன் கைப்புள்ளைக்குப் பல்லு மொளைச்சிருச்சா, பூரணி?” என்று நிரைக்கு நிரை கேட்டார்கள்.

பூரணி அவர்களோடு உட்கார்ந்து சிரித்தாள், உட்கார்ந்து உண்டாள். இரவில் உறங்கினாள். வைகாசியில் டொக்டரையா அவள் பிரஷரை அளந்துவிட்டு, சந்தேகப்பட்டுத் தன் கருவியைத் தட்டிப் பார்த்தார். கருவி சரியாகவே இருந்தது.

அழகனும் சும்மா இருக்கவில்லை. தொட்டில்களின் கயிறுகளை இரு கைகளிலும் சேர்த்துப் பிடித்து, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஆட்டினான். ஊர்க் கதைகளையும் சொன்னான்.

பால் கொடுக்க வரும் இடத்தில் ஓர் ஆண்பிள்ளை இருக்கலாமா என்று யாரோ தோட்டத்துத் துரையிடம் முறையிட்டார்கள். பால் கொடுத்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. “அண்ணன் செவத்தப் பாத்து ஒக்காரட்டும். கை ஆடுனா போதும்” என்றார்கள்.

துரை நேரில் வந்து பார்த்தார். தொட்டில்கள் ஆடின, சுவரைப் பார்த்தபடி அழகன் ஆட்டினான், ஒரு பிள்ளையும் அழவில்லை. துரை திரும்பிப் போய்விட்டார்.

அவருடைய முடிவைச் சொல்லத்தான் இன்று ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

பெரிய கிளாக்கர் செபஸ்தியாம்பிள்ளை, கையெழுத்தின் மை காயாத தாளோடு வெளியே வந்தார். ஆங்கிலத்தில் இருந்ததை நிதானமாகத் தமிழில் சொன்னார். பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்க அமர்த்திய ஆட்களும் தவிர, வேறு எவரும் இருக்கக் கூடாது.

வீரம்மா தலை குனிந்தாள். நாளை பகலில் ஏற வேண்டிய படிகளும் இறங்க வேண்டிய சரிவும் பூரணியின் கண்ணுக்குள் வந்து நின்றன.

ஆனாலும் கையை நீட்டினாள். அழகன் பேருக்கு வந்த எல்லாவற்றையும் இந்த இரண்டு வருடமாக வாங்கியது அவள் கைதான்.

கிளாக்கர் தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“ஒனக்கில்ல, பூரணி. நாளையிலருந்து புள்ள பாக்குறதுக்குத் துரை எடுத்திருக்கிற ஆளு கையிலதான் குடுக்கணும்.”

அவள் கை நீட்டியபடியே இருக்க, தாள் அதைக் கடந்து, நாற்காலியில் இருந்தவனின் கைக்குப் போயிற்று.