பைக்குள் ஒரு தைரியம்

"பிரச்சினை உங்க பொண்ணுகிட்ட இல்லைம்மா, உங்ககிட்டதான்."

பள்ளிக்கூடத்து கவுன்சலர் பட்டென்று சொல்லிவிட்டாள். பின்னே? சேர்ந்து இரண்டு மாதமாகிறது. இன்னும் தினமும் காலையில் அந்த ஐந்து வயதுக் குழந்தை, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டுகிறது. வகுப்பில் 'அழுகுணி' என்றே பேராகிவிட்டது.

அம்மாவாவது ஒழுங்காகக் கிளம்புகிறாளா என்றால் அதுவும் இல்லை. பத்து மணி வரை பள்ளி வாசலிலேயே தவம் கிடக்கிறாள்.

"நீங்க வெளியே நிக்கிறது தெரிஞ்சா அவ எப்படி அடங்குவா? விட்டோமா, டாட்டா காட்டினோமா, நேரா வீட்டுக்குப் போனோமான்னு இருக்கணும்."

"கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போறேனே மேடம்..."

"கூடாது. நாளையிலிருந்து வாட்ச்மேன்கிட்ட சொல்லி வச்சிடுவேன்."

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கவுன்சலர் குழந்தை பக்கம் திரும்பினாள்.

"உனக்கு என்னடா பயம்?"

"அம்மா தனியா போவாங்க."

"அம்மா பெரியவங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. மிஸ் ஒரு வழி சொல்றேன், கேளு. எது உன்கிட்ட இருந்தா உனக்குப் பயம் போகுமோ, அதை வீட்டிலிருந்து எடுத்துட்டு வா. பையிலேயே வச்சுக்கோ. சரியா?"

குழந்தை வெகுநேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டியது.

இது கவுன்சலர் வழக்கமாகச் செய்கிற வைத்தியம். அம்மாவின் கைக்குட்டை, கண் போன கரடி பொம்மை என்று ஏதாவது ஒன்று வரும், அழுகை நின்றுவிடும்.

மறுநாள் அழுகை இல்லை! அம்மாவையும் வாட்ச்மேன் எட்டரைக்கே அனுப்பிவிட்டான். குழந்தை பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனது.

"பார்த்தீங்களா? ஒரே நாள்தான்!" என்று தலைமையாசிரியையிடம் பெருமையடித்துக்கொண்டாள் கவுன்சலர்.

சாப்பாட்டு நேரத்திலும் பை மடியில்தான் இருந்தது. கவுன்சலருக்கு ஆவல் தாங்கவில்லை. ஒரு நட்சத்திர ஸ்டிக்கரோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சமத்து! என்ன கொண்டு வந்தே? மிஸ்ஸுக்கு மட்டும் காட்டேன்."

குழந்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஜிப்பைத் திறந்தது.

புத்தகங்களுக்கு நடுவே சுருட்டி வைத்திருந்தது, ஆண்கள் கட்டும் தடித்த தோல் பெல்ட்.

"அட, அப்பாவோடதா? அப்பான்னா அவ்வளவு பிடிக்குமா?"

குழந்தை இல்லையென்று தலையசைத்து, அவசரமாக ஜிப்பை மூடியது.

"நீங்க அம்மாவை உடனே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டீங்கல்ல மிஸ்? அப்பா பத்து மணிக்குத்தான் வேலைக்குக் கிளம்புவாரு. அதான், அம்மாவை அடிக்க முடியாதபடி இதை எடுத்துட்டு வந்துட்டேன்."