பிரேக் இல்லாத சைக்கிள்

"பிரேக்கைக் கழட்டிருங்க பாய்," என்றார் கிருபாநிதி.

துறைமுக ஆபீஸ் குமாஸ்தாவான அவர், ஒரு மாதமாகக் கடை ஏறி இறங்கிப் பொறுக்கியெடுத்த சைக்கிள் அது. யாரோ கப்பல்காரன் விற்றுவிட்டுப் போன மூன்று கியர் வண்டி.

"நம்ம ஊர்ல உப்புக்குவியலை விட்டா மேடு ஏது? கியர் எதுக்கு சார்?" என்றார் கடைக்காரர் மக்தூம்.

"மிதிக்க லேசா இருக்கணும். டயரும் வேண்டாம், கேரியரும் வேண்டாம். ஸ்டாண்டு ஆடக்கூடாது. பெல்லு கணீர்னு கேக்கணும். இன்னைக்கு வண்டி வரலைன்னா எம் வீட்டுக்காரி ஜீவமணி நாசரேத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருவா. பெட்டியே கட்டிட்டா."

"கேரியர் இல்லாம அவுகளை எங்கன உக்கார வைப்பீக?"

"அவ ஏறமாட்டா."

மக்தூம் சொன்னதையெல்லாம் கழட்டிவிட்டு வண்டியைக் கொடுத்தார். மனசு கேட்காமல் மறுநாள் காலை வீட்டுக்கே போய்ப் பார்த்தார்.

அடுக்களையில் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றது. டயரில்லாத பின்சக்கரத்திலிருந்து ஒரு பெல்ட், காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷினுக்கு ஓடியது. கிருபாநிதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெற்றிவீரராக மிதித்துக்கொண்டிருந்தார்.

"தினமும் மெஷினைச் சுத்திச் சுத்தி என் கை போச்சு, ஊருக்குப் போறேன்னேன். இப்பம் இவுகளே மிதிக்காக," என்று ஜீவமணி டம்ளரை நீட்டினாள்.

மக்தூம் கடைசிச் சொட்டுவரை குடித்தார். இப்படியொரு காப்பியை அவர் குடித்ததேயில்லை.

"எல்லாஞ்சரி. பிரேக் இல்லாம எப்படி நிறுத்துவாரு?"

ஜீவமணி பெல்லை ஒரு தட்டுத் தட்டினாள்.

கிருபாநிதி அந்தக் கணமே நின்றார்.