பதினொரு மணி வாஷிங் மெஷின்

பூட்டின வீட்டுக்குள் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மருந்துக்கடை கவுண்டரில் நின்றபடி அவன் போனையே முறைத்தான். வீட்டில் எந்தப் பொருள் எப்போது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டும், தேவையென்றால் அங்கிருந்தே அணைக்கவும் விடும் ஆப். போன மாதம்தான் ஒவ்வொரு பிளக்கிலும் அதற்கான கருவியை மாட்டினான். அன்றிலிருந்து வீட்டில் அவனுக்குப் பேரே 'மீட்டர்'.

மனைவிக்குப் போன் போட்டான். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"வாஷிங் மெஷினைப் போட்டுட்டா டியூட்டிக்குப் போனே?"

"இல்லியே. துணி போட்டே ரெண்டு நாளாச்சு."

"இப்ப ஓடுது. மணி பதினொண்ணு. நேத்தும் இதே நேரம். திங்கக்கிழமையும்."

"வீட்டுலதான் யாருமே இல்லையே! உங்க ஆப்புக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு. பேஷண்ட் கூப்பிடறாங்க, வைக்கிறேன்."

மகள் நாலாம் வகுப்பு, பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அப்பா பத்து மணிக்கு நூலகம் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். அப்புறம் யார்?

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டான்.

"எனக்கென்னடா தெரியும்? நான் பேப்பர் படிச்சுட்டு இருந்தேன்."

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ரோட்டைப் பார்ப்பது மாதிரி டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மெஷினைத் திறந்து பார்த்தான். காலி. ஆனால் உள்ளே ஈரம்.

கருவியை விற்றவர் வந்து சோதித்தார். "இது கல்லு மாதிரி இருக்கு சார். மெஷின் நிஜமாவே ஓடியிருக்கு."

"திருடன் பூட்டைத் திறந்து வந்து, துணி துவைச்சுட்டா போவான்?" கடையில் கூட வேலை பார்க்கும் அக்கா சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தலைதான் சுற்றியது.

வெள்ளிக்கிழமை. பதினொன்று. ஆப்பில் பச்சை விளக்கு.

போனிலிருந்தே மெஷினை அணைத்தான்.

அரை நிமிஷத்தில் மறுபடி ஓடியது.

அணைத்தான். ஓடியது. அணைத்தான். இந்த முறை ஓடவில்லை.

அப்படியானால் உள்ளே யாரோ இருந்துகொண்டு சுவிட்சைப் போடுகிறார்கள்!

"அக்கா, கடையைப் பாத்துக்கோங்க!"

பைக்கை விரட்டினான். வீட்டு வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பின்பக்கம் தண்ணீர் சொட்டும் சத்தம். மெதுவாக எட்டிப் பார்த்தான்.

அப்பா. சட்டையெல்லாம் நனைய, ஊறிக் கனத்த ஒரு விரிப்பைக் கையால் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்.

"நீங்களாப்பா? நூலகம் போகலையா?"

"போயிட்டுப் பாதியிலேயே வந்துடுவேன்." நிமிரவே இல்லை. "இன்னைக்கு என்னவோ, இந்த மெஷின் நின்னு நின்னு போவுது."

"எதுக்குப்பா இந்தத் திருட்டுத்தனம்? கேட்டப்போ தெரியாதுன்னீங்களே!"

"வயசாயிடுச்சுடா." குரல் இறங்கியது. "தூக்கத்துல... அடக்க முடியல. படுக்கை நனைஞ்சு போயிடுது. மருமக கையில கொடுக்க வெக்கமா இருந்துச்சு."

அவனுக்கு மூன்று தடவை அணைத்த விரலை எங்கே ஒளித்து வைப்பதென்று தெரியவில்லை.

"விடுங்கப்பா. குடுங்க, நான் காயப் போடறேன்."

"வேண்டாம்டா, நானே..."

பிடுங்காத குறையாக வாங்கி, உதறிக் கொடியில் விரித்தான்.

பாதிக் கொடிகூட நிறையவில்லை. முயல்குட்டி படம் போட்ட சின்ன விரிப்பு. மகளுடைய கட்டிலில் போடுவது.

சட்டென்று திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்னு குழந்தை நடுங்குறாடா... நான்தான்னே வெச்சுக்கோயேன்."