மணி அடிக்குமுன்

மாலை ஆறு மணிக்குக் கோயிலில் ஜெபமணி அடிக்கும். அதற்குள் பிளாரன்ஸ் கடற்கரையில் விளையாடி முடித்து வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

"மணிக்குப் பிந்துனா இந்தத் திருவிழாவுல ராட்டினம் கிடையாது," என்று மகளுக்குத் தலை சீவியபடியே ஞானசௌந்தரி சொன்னாள். குரலில் கோபமே இல்லை.

அவள் கணவன் ரோச்தான் கெஞ்சினான். "ஏளா, சின்னப் பிள்ளைதான. முன்னப் பின்ன ஆவும்."

"ஆவக் கூடாது. நீங்க செல்லங் குடுத்தது போதும்."

அன்று முதல் பிளாரன்ஸ் வாசலில் கால் வைப்பாள், மணி அடிக்கும். ஒரு நாளும் தவறவில்லை.

"ஏளா, அடிக்காம எப்படி வழிக்குக் கொண்டாந்த?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு ஆக்னஸ்.

"பாசமாச் சொல்லணும்க்கா. சொன்னதுல நிக்கணும்."

"எங்க ரேடியோவும் அப்படி நின்னா நல்லாருக்கும். கோயில்ல மணி அடிக்கும்போது அது ஆறரைங்குது."

திருவிழாவுக்கு முந்தின வாரம் பங்குச்சாமியாரே வீட்டுக்கு வந்தார். பின்னால் ரோச், கையில் மணிக்கூண்டுச் சாவியுடன் தலைகுனிந்து நின்றான்.

"ஞானசௌந்தரி, கோயில் மணி அடிக்க உன் புருசனை வச்சது என் தப்புதான். மேல ஏறி நின்னு உன் வாசலையே பாக்கான். பிள்ளை உள்ள நுழையுற வரைக்கும் கயித்தைத் தொட மாட்டேங்கான். நேத்து ஊரே இருட்டுல ஜெபத்துக்குக் காத்து நின்னுச்சு. பிள்ளை பிந்துனா ராட்டினத்தை நிறுத்துவ, சரி. இவனுக்கு எதை நிறுத்தப் போற?"