பயிற்சி இல்லாத ஊர்

“அந்தப் பயிற்சி வந்திருந்தா எம்புள்ள பொளச்சிருப்பாளா தாயி?”

வள்ளித்தாய் இப்படிக் கேட்டுவிடுவாளோ என்று பயந்துதான் ரோஷினி இந்த வீட்டுக்கு வராமல் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். போன வாரம் பட்டாசு ஆலையில் மருந்து தீப்பிடித்தபோது, வள்ளித்தாயின் மகள் முத்துச்செல்வி ஓடவில்லை. சாக்கை எடுத்து அணைக்கப் பார்த்திருக்கிறாள்.

முத்துச்செல்வியின் அப்பா பலவேசம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“நாந்தான் கெடுத்தேன்” என்றார். “பயிற்சியை நிப்பாட்டாதீகன்னு மனுக் குடுக்க, ஊர்ல எல்லாரும் வண்டி பிடிச்சு விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குப் போனாக. என்னையும் கூப்பிட்டாக. ‘வேலையத்தவனுகளா, போங்கலே’ன்னு விரட்டிட்டேன். இன்னும் நாலு ஆளு சேர்ந்து போயிருந்தா மனசு இரங்கியிருப்பாகளோ என்னமோ.”

“அன்னையிலருந்து இவுகளுக்குச் சோறே எறங்கல தாயி” என்றாள் வள்ளித்தாய்.

ரோஷினி புள்ளியியல் படித்தவள். அரசுத் திட்டங்கள் பலன் தருகின்றனவா என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. பட்டாசுத் தொழிலாளிகளுக்கான தீ விபத்துப் பயிற்சியை மாவட்டம் முழுக்கக் கொண்டுபோகும் முன் அவளிடம்தான் கேட்டார்கள். சிவகாசியைச் சுற்றியிருந்த சில ஊர்களை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்தாள். பாதி ஊர்களுக்குப் பயிற்சி உண்டு. மீதிக்கு இல்லை.

ஒரு வருஷம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஆலைகளில் புகை விட்டுப் பார்த்தார்கள். இரண்டு வகை ஊர்ப் பெண்களும் ஒன்றுபோலவே கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். போனும் டிவியும் பார்த்து எல்லோருக்கும் விவரம் தெரிந்திருக்கிறது என்று நினைத்தாள். பயிற்சியால் வித்தியாசம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்து இந்த ஊருக்கு வரவேண்டிய பயிற்சி அதோடு நின்றுபோனது.

முத்துச்செல்வி இறந்த நாளிலிருந்து ரோஷினிக்கும் தூக்கமில்லை. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதே விடைதான் வந்தது.

“அய்யா, நான் சொல்றதை நம்புங்க” என்றாள் இப்போது. “பயிற்சி வந்திருந்தாலும் இது நடந்திருக்கும். நாங்க ஒரு வருஷம் சோதிச்சுப் பார்த்தோம். குடுத்த ஊருக்கும் குடுக்காத ஊருக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. உங்க பொண்ணு செத்தது நீங்க மனுக் குடுக்கப் போகாததால இல்ல.”

பலவேசம் நிமிர்ந்தார். “நெசமாவா தாயி? என்னைத் தேத்தணும்னு சொல்லலையே?”

“நெசமாத்தான்யா. நானே பார்த்துக் கணக்குப் போட்டது.”

 அவர் துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் திரும்பினார்.

“கஞ்சி இருந்தா கொஞ்சம் ஊத்து.”

வள்ளித்தாய் அடுப்படிக்கு ஓடினாள். போகிற போக்கில் ரோஷினியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது ரோஷினிக்கும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. துக்கத்துக்கு வந்திருந்த பெண் ஒருத்தி அவளுக்குப் பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னைத் தெரியுதாம்மா? செல்லக்கனி. எங்க ஆலையிலதான் புகையைப் போட்டு எங்களை ஓடவிட்டுப் பார்த்தீக.”

“நீங்க எந்த ஊரு, அக்கா?”

சொன்னாள். பயிற்சி கொடுக்காத ஊர்களில் அது ஒன்று.

“இவுக உங்களுக்குச் சொந்தமா?”

“எங்க மதினிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். நான் இன்னைக்குத்தான் இந்த ஊரையே பார்க்கேன்.” செல்லக்கனி பெருமூச்சு விட்டாள். “பாவம், ஓடணும்னு அந்தப் புள்ளைக்குத் தெரியல. நாங்களும் முந்தி அப்படித்தாம்மா. தீன்னாலே சாக்கை எடுத்து அமுக்கத்தான் கை போகும்.”

“முந்தின்னா?”

“பயிற்சிக்கு முந்தி.”

ரோஷினி மெல்லச் சிரித்தாள். “உங்க ஊருக்குப் பயிற்சி குடுக்கலையேக்கா. பக்கத்து ஊருக்குத்தான குடுத்தோம்?”

“அவுகளுக்குத்தான் குடுத்தீக. ஆனா காலையில எல்லாரும் ஒரே பஸ்லதான வாரோம்? அந்த ஊரு மாரிச்செல்வி இருக்காளே, நீங்க சொல்லிக்குடுத்ததை அம்புட்டையும் பஸ்ஸுலயே எங்களுக்குச் சொல்லிக்குடுத்துட்டா. ‘அணைக்க நிக்காத, திரும்பிப் பார்க்காத, கையில இருக்கிறதைப் போட்டுட்டு ஓடு’ன்னு தெனம் ஒப்பிக்க வைப்பா. கண்டக்டருக்கே மனப்பாடம்! எங்க ஊர் மட்டுமில்ல, நீங்க விட்ட ஊர் எல்லாத்துலயும் இதே கதைதான். ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம இருப்போமா? இந்த ஊருதான் தள்ளிக் கெடக்கு. இங்கன வார பஸ்ஸு வேற.”

பஸ் வந்து நின்றது. செல்லக்கனி ஏறிக்கொண்டு கூப்பிட்டாள். ரோஷினி ஏறவில்லை.

பயிற்சி பெற்ற ஊர்களைப் பயிற்சி பெற்ற ஊர்களோடேயே ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசம் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தாள் அவள். அதையேதான் சற்று முன்பு ஒரு தகப்பனுக்கு ஆறுதலாகவும் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.