குளத்தைப் படமெடுக்க வந்தவர்

ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே அவர் குனிந்து வாந்தி எடுத்துவிட்டார். காலையில் சாப்பிட்டது அத்தனையும் குளக்கரையில் கிடந்தது. அங்கே ஏற்கெனவே கிடந்ததைப் பார்த்தால் இது ஒன்றும் பெரிய அசிங்கமில்லை.

"எப்படிங்க இங்க குடியிருக்கீங்க?" என்றார், கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு.

"வேற எங்க போறது, நீங்களே சொல்லுங்க தம்பி," என்றாள் கடைசி வீட்டுத் தையல்காரி. "சோத்துல கை வைக்கும்போதே குடலப் புடுங்கும். பழகியிருக்குமேன்னு மட்டும் கேட்டுடாதீங்க. பழகல."

நகரத்துக் கக்கூஸ் தொட்டிகளை உறிஞ்சிக்கொண்டு வரும் லாரிகள், இரண்டு வருடமாக இந்தக் குளத்தில்தான் குழாயைத் திறந்துவிட்டன. அதுவும் திருட்டுத்தனமாக இல்லை, பட்டப்பகலில். தண்ணீர் கறுத்துக் கெட்டியாகி, மேலே மஞ்சள் நுரை கட்டி, நுரையெல்லாம் ஈ மொய்த்துக் கிடந்தது. மனுக்களை வாங்கி வைத்துக்கொண்டார்களே தவிர, ஒரு அதிகாரியும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. வந்தால் சட்டையில் நாற்றம் ஒட்டிக்கொள்ளுமே.

அதனால்தான் ட்ரோன்காரர் வண்டியை நிறுத்தியதுமே தெரு கூடிவிட்டது. வாரம் முழுக்க சிமெண்ட் கடையில் பில் போடுகிறவராம். ஞாயிற்றுக்கிழமையானால் கல்யாணம், காலி மனை என்று ட்ரோனில் படம் எடுத்துக் கொடுத்து மேல்வருமானம் பார்க்கிறவராம்.

"யாரு தம்பி உங்கள அனுப்பினது?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தெருவின் காவலுக்கு அவர்தான் தலைவர்.

"பெரிய எடத்துல கேட்டிருக்காங்க சார். பேரு சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன்."

கண்டக்டருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. யாரோ நேர்மையான அதிகாரி என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். பக்கத்திலிருந்தவர்களிடம் அதைக் கிசுகிசுக்கவும் செய்தார்.

ட்ரோன் ரீங்கரித்துக்கொண்டு மேலே ஏறியது. கையிலிருந்த சின்னத் திரையில் குளம் முழுசாகத் தெரிந்ததும் தையல்காரி "சீ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தினமும் பார்க்கிற குளம்தான். மேலேயிருந்து பார்த்தபோது இன்னும் கேவலமாக இருந்தது.

"மூணு வாரமா ஒரு லாரியும் வரல," என்றார் கண்டக்டர். "முறை போட்டுக் கண்ணுல வெளக்கெண்ண விட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம். வந்தா டிரைவர கீழ எறக்கிடுவோம்னு அவங்களுக்குத் தெரியும்."

"அந்தத் தெக்குப் பக்கம் என்ன சார் இருக்கு?"

"கெணறு. இந்தத் தெருவுல வாயில வைக்கிற மாதிரி தண்ணி அது ஒண்ணுதான்."

"அதுவும் நாறிப்போச்சுன்னா கதவப் பூட்டிக்கிட்டு நடையக் கட்ட வேண்டியதுதான்," என்றாள் தையல்காரி. "வீட்ட விக்கலாம்னா எவன் வாங்குவான்?"

ட்ரோன் தெற்கே திரும்பியது. கிணறு, அதை ஒட்டிய மண்பாதை, பாதை போய்ச் சேரும் பெரிய சாலை எல்லாம் திரையில் சுத்தமாக வந்தன. பாதையின் மேல் ட்ரோன் மெதுவாக ஒரு தடவை போனது, இன்னும் தாழ இறங்கித் திரும்பி வந்தது.

"தம்பி, குளத்துல ஒரு செத்த நாய் ஊதிப்போய் மெதக்குது பாருங்க. அத நல்லாக் கிட்டப் போய் எடுங்க."

"எடுத்துக்கலாம்க்கா. பேட்டரி கம்மியா இருக்கு."

அவள் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். கிணற்றுத் தண்ணீர்தான், தைரியமாகக் குடிக்கலாம் என்று சொல்லித்தான் கொடுத்தாள். அவர் டம்ளரை வாங்கிச் சுவர்மேல் வைத்தார். சற்று நேரத்தில் அதில் ஒரு ஈ விழுந்தது. குடிக்காமலிருக்க நல்ல காரணம் கிடைத்தது.

தையல்காரியின் மகள் ட்ரோனைத் தொட்டுப் பார்க்க வந்தாள். தாய் அவளைப் பிடித்து நிறுத்தி, சட்டைக் கையை மேலே சுருட்டினாள். முழங்கை வரைக்கும் சொறி, அதில் சீழ் வேறு.

"இதையும் படம் புடிச்சுக்குங்க. இங்க எல்லாப் புள்ளைக்கும் இதே கதிதான். தோல் டாக்டர் ஆஸ்பத்திரிக்குச் செவ்வாய்க்கெழம காலைல மட்டும்தான் வருவாரு. அன்னிக்குத் தெருவே அங்க போய் வரிசைல நிக்கும். கண்டக்டர் சாரும் பேரனத் தூக்கிக்கிட்டு வந்துடுவாரு."

"பாவம்க்கா," என்று ட்ரோன்காரர் வேறு பக்கம் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த நாற்றத்தில் யாருக்கும் நிற்கும்.

பெட்டியை மூடிக் கிளம்பும்போது தையல்காரி அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். இதக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய எடத்துல சேர்த்துடுங்க."

"இன்னிக்கே சேர்த்துடறேன்க்கா."

கண்டக்டர் தெருமுனை வரை கூடவே வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்பினார்.

இரண்டு தெரு தள்ளி, காற்று நல்லபடியாக வீசுகிற இடமாகப் பார்த்து ட்ரோன்காரர் வண்டியை நிறுத்தினார். பாட்டில் தண்ணீரில் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கைக்குட்டையைச் சாக்கடையில் எறிந்தார். பிறகு படங்களை அனுப்பிவிட்டு, செல்போனைக் காதில் வைத்தார்.

"செவ்வாய்க்கெழம காலைல கெணத்துப் பக்கமா லாரிய விடுங்கண்ணே, தெருவுல ஒரு ஆளும் இருக்க மாட்டாங்க."